குடல் பாக்டீரியாக்கள் மனநிலையை மாற்றுகின்றன என்பதில் எவ்வளவு உண்மை?

தேடல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். குடலில் வாழும் பாக்டீரியாக்கள் மூளையையும் மனநிலையையும் நடத்தையையும் ஆட்டிவைக்கின்றன என்று அண்மைக் காலமாகப் பல இடங்களில் படித்துவருகிறேன். சில கட்டுரைகள் நிதானமாக எழுதப்பட்டிருக்கின்றன. பல கட்டுரைகள் கடைசிப் பத்தியில் ஒரு மாத்திரைப் புட்டியின் படத்துடன் முடிகின்றன. மனநிலையோடு தொடர்புபடுத்தப்படும் செரோடோனின் என்ற வேதிப்பொருளில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் உற்பத்தியாகிறது, ஆகவே மனச்சோர்வு என்பது உண்மையில் ஒரு குடல் நோயே என்ற வாதம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வருகிறது.

எனக்கு அறிவியல் பின்புலம் இல்லை. என் தங்கை மனச்சோர்வுக்காக மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை உட்கொண்டுவருகிறாள். அதை விட்டுவிட்டு, உயிருள்ள பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாட்டிக் மாத்திரைக்கு மாறிவிடும்படி உறவினர் ஒருவர் அவளை வற்புறுத்திவருகிறார். அவர் அனுப்பும் கட்டுரைகள் முழுக்கப் பொய் என்று சொல்லவும் எனக்குத் தெரியவில்லை, அவற்றை நம்பவும் மனம் வரவில்லை.

குடலுக்குள் இருக்கும் ஓர் உயிரி மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளையை எந்த வழியாக எட்டுகிறது? அது மனிதரிடம் காட்டப்பட்டிருக்கிறதா, இல்லை எலிகளோடு நின்றுவிடுகிறதா? மனச்சோர்வு உள்ளவர்களின் குடலில் பாக்டீரியாக்கள் வேறுபட்டிருக்கின்றன என்றால், அவற்றுள் எது காரணம், எது விளைவு? துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நுண்ணோக்கி எழுதியது:

முதலில் அந்த 90 சதவீதக் கணக்கைப் பார்த்துவிடுவோம். எண் சரிதான், அதிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் தவறு. குடல் சுவரிலுள்ள என்டரோகுரோமாஃபின் செல்கள் உடலின் செரோடோனினில் பெரும்பகுதியை உற்பத்தி செய்கின்றன. ஆனால் அந்தச் செரோடோனின், இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பைக் கடந்து செல்வதில்லை. மூளை தனக்கு வேண்டிய செரோடோனினை டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே உருவாக்கிக்கொள்கிறது. குடலில் உருவாவது குடலின் அசைவுக்கும், இரத்தத் தட்டணுக்கள் அதை எடுத்துச் சென்ற பிறகு இரத்தம் உறைவதற்கும் பயன்படுகிறது. குடலில் செரோடோனின் கூடினால் மகிழ்ச்சி கூடும் என்பது உண்மையானால், வயிற்றுப்போக்கு வந்தவர்கள் அனைவரும் பேரானந்தத்தில் திளைக்க வேண்டும்.

இதனால் குடல் செரோடோனினுக்கு மூளையுடன் தொடர்பே இல்லை என்றும் ஆகிவிடாது. புற்றுநோய் மருந்து செலுத்தப்பட்டவர்களுக்கு வரும் கடும் குமட்டலை எண்ணிப் பாருங்கள். அம்மருந்துகள் குடல் செல்களிலிருந்து செரோடோனினை வெளியேற்றுகின்றன. அது அருகிலுள்ள வேகஸ் நரம்பின் முனைகளைத் தூண்டுகிறது. நரம்பு அச்செய்தியை மூளைத்தண்டுக்குக் கொண்டுசெல்கிறது. அங்கே குமட்டல் பிறக்கிறது. ஆன்டான்செட்ரான் என்ற மருந்து முதன்மையாக அந்த முனைகளிலுள்ள ஏற்பிகளை அடைத்துத்தான் வாந்தியைத் தடுக்கிறது. அதாவது, செரோடோனின் தான் மூளைக்குள் நுழையாமலேயே மூளையில் விளைவை உண்டாக்குகிறது. இந்தச் செரோடோனின் உற்பத்தியில் பாக்டீரியாக்களுக்குப் பங்கு உண்டு என்பதை 2015-இல் கலிஃபோர்னியாவில் எலைன் சியாவோவின் குழு காட்டியது. நுண்ணுயிர்களே இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளின் பெருங்குடலிலும் இரத்தத்திலும் செரோடோனின் குறைவாக இருந்தது. வித்து உருவாக்கும் குறிப்பிட்ட பாக்டீரியாக்களைக் குடியேற்றியதும் அது உயர்ந்தது.

நீங்கள் கேட்ட வழிகளில் முதன்மையானது இந்த வேகஸ் நரம்பு. அதன் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் உடலிலிருந்து மூளையை நோக்கிச் செய்தி அனுப்புபவை. மூளை குடலுக்கு இடும் கட்டளையைவிடக் குடல் மூளைக்கு அனுப்பும் செய்தியே அதிகம் என்று சொல்லலாம். அயர்லாந்தின் கார்க் நகரத்து ஆய்வாளர்களும் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினரும் இணைந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் வகையைச் சேர்ந்த ஜேபி-1 என்ற பாக்டீரியாவைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது, அவற்றின் பதற்ற நடத்தை குறைந்தது; மூளையின் சில பகுதிகளில், நரம்புச் செயல்பாட்டைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளுக்கான ஏற்பிகளின் அளவும் மாறியது. வேகஸ் நரம்பை வெட்டிய சுண்டெலிகளிடம் இம்மாற்றங்கள் தோன்றவில்லை. நரம்பு வழியே செய்தி செல்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை அமைப்பது கடினம். எனினும் அதே ஆண்டில் மக்மாஸ்டரிலிருந்து வந்த மற்றோர் ஆய்வில், வேகஸ் நரம்பு வெட்டப்பட்ட பிறகும் பாக்டீரியா மாற்றத்தின் விளைவு நீடித்தது. எனவே அது ஒன்றே வழி அன்று.

அந்த இரண்டாவது ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. பால்ப்-சி என்ற சுண்டெலியினம் இயல்பிலேயே அச்சம் மிகுந்தது. என்ஐஎச் சுவிஸ் என்ற இனம் துணிந்து சுற்றித்திரிவது. நுண்ணுயிரற்று வளர்க்கப்பட்ட இவ்விரு இனங்களுக்கும் குடல் பாக்டீரியாக்களை மாற்றிக் கொடுத்தார்கள். அஞ்சும் இனம் துணிவு பெற்றது. துணிந்த இனம் தயங்கத் தொடங்கியது. மரபணுக்கள் மாறவில்லை, குடியிருந்தவர்கள் மட்டுமே மாறினர்.

மற்ற வழிகள் வேதியியல் வழிகள். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆகிய குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உருவாக்குகின்றன. மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியா முறையாக முதிர்ச்சியடைவதற்கு இவை உதவுகின்றன என்று 2015-இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் ஆய்வாளர்கள் காட்டினர். நுண்ணுயிரற்ற சுண்டெலிகளில் அச்செல்கள் முதிராமல் இருந்தன, இந்த அமிலங்களைக் குடிநீரில் கலந்து கொடுத்தபோது பெருமளவு சீரடைந்தன. அதற்கு முந்தைய ஆண்டில், நுண்ணுயிரற்ற சுண்டெலிகளின் இரத்த–மூளைத் தடுப்பே வழக்கத்தைவிடக் கசிவுடையது என்றும் கண்டறியப்பட்டது. இவற்றோடு நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வழியும் உண்டு. காய்ச்சல் வந்தால் சோர்வும், பசியின்மையும், எவருடனும் பேசப் பிடிக்காத மனநிலையும் வருகின்றனவே, அவை நோய் எதிர்ப்புச் செல்கள் வெளியிடும் சைட்டோகைன்கள் என்ற அழற்சிச் செய்திப்பொருள்கள் மூளையில் உண்டாக்கும் மாற்றங்களே. குடல் சுவர் பழுதுபட்டுப் பாக்டீரியாக்களின் சிதைபொருள்கள் இரத்தத்தில் கலந்தால் அதே இயந்திரம் மெல்லிய அளவில் இயங்கக்கூடும்.

காலம் பற்றியும் ஒரு சொல். இத்துறைக்குத் திருப்புமுனையாக அமைந்தது 2004-இல் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் நொபுயுகி சூடோ குழுவினர் செய்த ஆய்வு. நுண்ணுயிரற்ற சுண்டெலிகளை அசையவிடாமல் அடைத்துவைத்தபோது, அவற்றின் மன அழுத்த ஹார்மோன்கள் வழக்கத்தைவிட மிக அதிகமாக எழுந்தன. இளம் வயதிலேயே பாக்டீரியாக்களைக் குடியேற்றினால் இது ஓரளவு சரியாயிற்று. வளர்ந்த பிறகு குடியேற்றியபோது சரியாகவில்லை. மூளை வளரும் பருவத்தில் மட்டுமே திறந்திருக்கும் ஒரு சாளரம் இருக்கிறது என்பதே இதன் பொருள். வளர்ந்த ஒருவர் பாக்டீரியாக்களை விழுங்கி மனத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று பேசுவோர் இந்த இரண்டாம் பாதியை ஏனோ மேற்கோள் காட்டுவதில்லை.

குடலியல் மருத்துவர் எழுதியது:

மேலே உள்ள விளக்கம் சிறப்பானது. ஆனால் மனிதரிடம் காட்டப்பட்டிருக்கிறதா என்ற கேள்விக்கு அது விடை சொல்லவில்லை. மனிதரிடம் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டப்பட்டிருக்கிறது. அதற்கான சான்று மனச்சோர்வு ஆய்வுகளில் இல்லை, கல்லீரல் நோயாளிகளின் படுக்கையருகே இருக்கிறது. மக்களுக்காக எழுதப்படும் கட்டுரைகளில் இது ஏன் இடம்பெறுவதில்லை என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன். இதில் விற்பதற்கு ஒன்றும் இல்லை என்பதால் இருக்கலாம்.

குடல் பாக்டீரியாக்கள் புரதத்தையும் யூரியாவையும் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. நலமுள்ள கல்லீரல் அதை உடனே யூரியாவாக மாற்றிவிடும். சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோய் முற்றியவர்களிடம் அந்த அம்மோனியா வடிகட்டப்படாமல் மூளையை எட்டுகிறது. அப்போது தோன்றும் நிலைக்கு ஹெப்பாட்டிக் என்செபலோபதி என்று பெயர். தொடக்கத்தில் அது நோயாகவே தெரியாது. இரவில் தூக்கம் வராது, பகலில் கண் சொருகும். எப்போதும் அமைதியாக இருப்பவர் எரிந்து விழுவார். கணக்கில் கெட்டிக்காரர் எளிய கழித்தலில் தடுமாறுவார். ஆள் மாறிவிட்டார் என்று குடும்பத்தார் சொல்வார்கள். முற்றினால் கைகளை நீட்டும்போது பறவைச் சிறகுபோல் மணிக்கட்டு துடிக்கும், பின்னர் நினைவிழப்பு வரும்.

இதற்கு நாங்கள் கொடுக்கும் மருந்துகள் குடலைக் குறிவைப்பவை. லாக்டுலோஸ் என்பது உடல் உறிஞ்சிக்கொள்ளாத ஒரு சர்க்கரை. பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைக்கும்போது பெருங்குடல் அமிலத்தன்மை அடைந்து அம்மோனியாவைச் சிறைப்பிடிக்கிறது, மலமும் எளிதாக வெளியேறுகிறது. ரிஃபாக்சிமின் என்பது குடலைத் தாண்டி ஏறக்குறைய உறிஞ்சப்படாத ஓர் ஆன்டிபயாட்டிக். 2010-இல் வெளியான மருத்துவச் சோதனையில் 299 நோயாளிகள் ஆறு மாதம் கண்காணிக்கப்பட்டார்கள். மருந்துப்போலி (மருந்தில்லாத வெற்று மாத்திரை) பெற்றவர்களில் 45.9 சதவீதத்தினருக்கு மூளைக் குழப்பம் மீண்டும் வந்தது, ரிஃபாக்சிமின் பெற்றவர்களில் 22.1 சதவீதத்தினருக்கே வந்தது. இரு பிரிவிலும் பெரும்பாலோர் லாக்டுலோஸும் உட்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குடலுக்குள்ளேயே தங்கிவிடும் ஒரு மருந்து, மனிதரின் அறிவுத் தெளிவைக் காக்கிறது. இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

இன்னொன்று அரிதானது. சிறுகுடலின் பெரும்பகுதி அறுவையில் நீக்கப்பட்டவர்களிடம், செரிக்காத மாவுச்சத்து நேராகப் பெருங்குடலில் வந்து விழுகிறது. அங்குள்ள சில லாக்டோபேசிலஸ் வகைகள் அதை டி-லாக்டேட் என்ற பொருளாக மாற்றுகின்றன. மனித உடல் அதை மெதுவாகவே கையாளக்கூடியது. நாக்குழறல், தள்ளாட்டம், குழப்பம், சினம் என்று மது அருந்தியவரைப் போன்ற தோற்றம் வரும். மாவுச்சத்தைக் குறைத்து ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் தெளிந்துவிடுவார்கள். நல்ல பாக்டீரியா என்று புட்டிகளில் விற்கப்படும் லாக்டோபேசிலஸ் இனத்தைச் சேர்ந்தவையே இங்கு மூளையைக் குழப்புகின்றன. நன்மையும் தீமையும் பாக்டீரியாவின் பெயரில் மட்டும் இல்லை.

மருந்துகளையும் அவை விட்டுவைப்பதில்லை. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கப்படும் லெவோடோபா மூளையை அடைந்த பிறகே டோபமின் என்ற நரம்புச் செய்திப்பொருளாக மாற வேண்டும். குடலில் என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்ற பாக்டீரியா இருந்தால் அது அங்கேயே மாற்றிவிடுகிறது என்றும், மனித நொதியைத் தடுக்கச் சேர்க்கப்படும் கார்பிடோபா இந்தப் பாக்டீரியா நொதியைச் சரிவரத் தடுப்பதில்லை என்றும் 2019-இல் ஹார்வர்டின் எமிலி பால்ஸ்கஸ் குழு விளக்கியது. ஒரே அளவு மருந்து இருவருக்கு இருவிதமாக வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

அளவுகோல் எழுதியது:

நான் ஆய்வுத் தரவுகளைப் பகுத்தாயும் பணியில் இருப்பவன். எது காரணம், எது விளைவு என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முந்தைய இரு பதில்களும் காட்டியவை: பாக்டீரியாவால் மூளையை எட்ட முடியும், நோயுற்ற உடலில் அது எட்டவும் செய்கிறது. சாதாரண மனிதரின் அன்றாட மனநிலையையும் அவையே தீர்மானிக்கின்றன என்பது முற்றிலும் வேறான கூற்று. அதற்கான சான்று மிகவும் மெலிந்தது.

மேலே சொல்லப்பட்ட ஜேபி-1 பாக்டீரியாவின் கதை அதோடு முடியவில்லை. கார்க் நகரத்து ஆய்வாளர்களே அதை நலமுள்ள 29 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்து, முடிவை 2017-இல் வெளியிட்டார்கள். மன அழுத்தம், பதற்றம், நினைவாற்றல் எதிலும் மருந்துப்போலியைவிட அது மேம்பட்டதாக இல்லை. தங்கள் புகழ்பெற்ற ஆய்வுக்கு எதிரான முடிவை அவர்களே வெளியிட்டது பாராட்டத்தக்கது. முதல் ஆய்வைப் பற்றி எழுதப்பட்டதில் எவ்வளவு சிறிய பங்கு இதைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

சுண்டெலி ஆய்வுகளும் தமக்குள் முரண்படுகின்றன. நுண்ணுயிரற்ற சுண்டெலிகளுக்கு அழுத்த ஹார்மோன் மிகுதி என்றது ஜப்பானிய ஆய்வு. அத்தகைய சுண்டெலிகளுக்குப் பதற்ற நடத்தை குறைவு என்றது 2011-இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்து ஆய்வு. ஃபிஷர் 344 என்ற எலியினத்தில் செய்து 2014-இல் வெளியான ஆய்வோ பதற்றம் அதிகம் என்றது. இனம் மாறினால் விடையும் மாறுகிறது. மேலும், இவ்விலங்குகள் ஒன்றின் எச்சத்தை மற்றொன்று உண்பவை. ஒரே கூண்டில் இருப்பவை சில நாளில் ஒரே வகைக் குடல் பாக்டீரியாக்களைப் பெற்றுவிடும். ஒரு கூண்டுக்கு ஐந்து வீதம் நான்கு கூண்டுகளில் இருபது சுண்டெலிகள் இருந்தால், பாக்டீரியாவைப் பொறுத்தவரை அங்கே இருபது சான்றுகள் இல்லை, நான்கு மட்டுமே உள்ளன. இதைக் கணக்கில் கொள்ளாத ஆய்வுகளில் பொய்யான உறுதி தோன்றிவிடும். இந்தத் துறையின் கட்டுரை எதையாவது படிக்க நேர்ந்தால், நான் முதலில் தேடுவது கூண்டுகளின் எண்ணிக்கையைத்தான்.

மனிதரிடம் செய்யப்பட்ட கணக்கெடுப்புகளில் பெல்ஜியத்தின் ஃபிளெமிஷ் குடல் ஆய்வுத் திட்டம் தரமானது. 1,054 பேரை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, மனச்சோர்வு உள்ளவர்களிடம் காப்ரோகாக்கஸ், டயாலிஸ்டர் ஆகிய பாக்டீரியா இனங்கள் குறைந்திருந்தன. மனச்சோர்வு மருந்துகளின் தாக்கத்தைக் கழித்த பிறகும் அவ்வேறுபாடு நின்றது. ஆனால் கணக்கெடுப்பு ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டது. மனம் சோர்ந்தவர் சரியாக உண்பதில்லை, நடமாடுவதில்லை, அவர் உறக்கமும் கெடுகிறது; இவை ஒவ்வொன்றும் குடலை மாற்றக்கூடியவை. மலம் குடலில் தங்கும் நேரம் கூடினால் மட்டுமே பாக்டீரியாக்களின் விகிதம் கணிசமாக மாறிவிடும். மருந்துகளின் பங்கோ நாம் நினைப்பதைவிடப் பெரிது: ஹைடெல்பெர்கிலுள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் 2018-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை 40 குடல் பாக்டீரியா வகைகளின்மீது சோதித்தபோது, பாக்டீரியாவைக் கொல்லும் நோக்கமே இல்லாத மருந்துகளில் 24 சதவீதம் குறைந்தது ஒரு வகையின் வளர்ச்சியையாவது தடுத்தன. மனநோய் மருந்துகள் அப்பட்டியலில் முனைப்பாகத் தெரிந்தன.

திசை தலைகீழாக இருக்கலாம் என்பதற்கு ஆட்டிசம் நல்ல எடுத்துக்காட்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் குடல் பாக்டீரியா வேறுபட்டது, எனவே பாக்டீரியாவே காரணமாகலாம் என்று நெடுநாளாகப் பேசப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 247 குழந்தைகளை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வு, ஆட்டிசத்துக்கும் பாக்டீரியாவுக்கும் நேரடித் தொடர்பு மிகச் சொற்பம் என்றது. அக்குழந்தைகள் குறிப்பிட்ட சில உணவுகளை மட்டுமே விரும்பி உண்கிறார்கள். உணவின் வகை சுருங்குவதால் பாக்டீரியாக்களின் வகையும் சுருங்குகிறது. இங்கே நடத்தைதான் குடலை மாற்றியிருக்கிறது.

தேடல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. கூண்டுகளைப் பற்றிய செய்தி நான் எங்கும் படிக்காதது. இன்னும் சில ஐயங்கள். நலமுள்ளவரின் மலத்தை நோயாளியின் குடலில் செலுத்தும் சிகிச்சையால் பார்க்கின்சன் நோயும் மனச்சோர்வும் குறைகின்றன என்று உறவினர் சொல்கிறார், அது மெய்தானா? மலத்தைப் பரிசோதித்து எந்தப் பாக்டீரியா குறைவு என்று அறிக்கை தரும் நிறுவனங்களை நம்பலாமா? தங்கைக்குச் சில காலமாக மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் இருக்கின்றன. குடல்தான் மூலகாரணம் என்ற எண்ணம் அவளுக்கு வலுத்ததற்கு அதுவே காரணம்.

நுண்ணோக்கி எழுதியது:

பார்க்கின்சன் பற்றி மட்டும் சொல்கிறேன். குடலில் தொடங்குகிறது என்ற கருத்துக்கு மற்ற மூளை நோய்களைவிட அங்கே அதிக இடமுண்டு. நடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பலருக்கு மலச்சிக்கல் வருகிறது. நோயில் திரளும் ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதம் குடல் நரம்புகளில் தோன்றி வேகஸ் வழியாக மேலேறக்கூடும் என்று ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஹெய்கோ பிராக் 2003-இல் முன்மொழிந்தார். வயிற்றுப்புண்ணுக்காக வேகஸ் நரம்பின் தண்டு முழுமையாக வெட்டப்பட்டவர்களுக்கு இந்நோய் குறைவாக வந்தது என்று டென்மார்க்கின் பதிவேடுகளைக் கொண்டு 2015-இல் காட்டப்பட்டது. பின்னர் சுவீடனில் கிடைத்த முடிவு அவ்வளவு தெளிவாக இல்லை. அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் 2016-இல், அப்புரதம் மிகுதியாக உருவாகும்படி மாற்றப்பட்ட சுண்டெலிகளுக்கு நோயாளிகளின் குடல் பாக்டீரியாக்களைச் செலுத்தியபோது, நலமுள்ளவர்களுடையதைச் செலுத்தியதைவிட அவற்றின் இயக்கக் கோளாறு மோசமானது.

சிகிச்சை என்று வரும்போது படம் மங்கிவிடுகிறது. 2024-இல் பெல்ஜியத்தில் நடந்த மல மாற்றுச் சோதனை இயக்கக் குறிகளில் மிதமான முன்னேற்றத்தைக் கண்டது. அதே ஆண்டில் பின்லாந்தில் நடந்தது பயனுள்ள வேறுபாடு எதையும் காணவில்லை. மனச்சோர்வைப் பொறுத்தவரை, நோயாளிகளின் பாக்டீரியாக்களைப் பெற்ற எலிகளும் சுண்டெலிகளும் சோர்வு போன்ற நடத்தையைக் காட்டின என்று 2016-இல் இரு ஆய்வுகள் வந்தன. வாலைப் பிடித்துத் தூக்கும்போது எவ்வளவு நேரம் அசையாமல் தொங்குகிறது என்பதை அளந்து, அதை மனிதரின் துயரத்தோடு சமன்படுத்துவதில் எனக்கு என்றுமே முழு நிறைவு ஏற்பட்டதில்லை.

அளவுகோல் எழுதியது:

ஒன்றைச் சேர்க்கிறேன், நான் எல்லாவற்றையும் மறுப்பவன் என்ற தோற்றம் வேண்டாம். எரிச்சல் குடல் நோயுடன் லேசான அல்லது மிதமான மனச்சோர்வோ பதற்றமோ கொண்ட 44 பேரிடம் மக்மாஸ்டரில் செய்து 2017-இல் வெளியிட்ட சோதனையில், பைஃபிடோபாக்டீரியம் லாங்கம் வகையை ஆறு வாரம் உட்கொண்ட 22 பேரில் 14 பேருக்கும், மருந்துப்போலி பெற்ற 22 பேரில் 7 பேருக்கும் மனச்சோர்வு மதிப்பெண் குறைந்தது. பதற்றத்தில் வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வு, குறிப்பிட்ட வகை நோயாளிகள், குறிப்பிட்ட ஒரு பாக்டீரியா வகை. புட்டியில் எழுதியிருக்கும் பொதுப்பெயரைப் பார்த்து இம்முடிவை வேறொன்றுக்குப் பொருத்த முடியாது.

உணவைப் பொறுத்தவரை, ஆஸ்திரேலியாவில் நடந்து 2017-இல் வெளியான ஸ்மைல்ஸ் சோதனை நம்பிக்கை தருவது. மனச்சோர்வு உடைய 67 பேரில் ஒரு பிரிவினருக்கு 12 வாரம் உணவு ஆலோசனையும், மற்றவர்களுக்கு அதே அளவு நேரம் உரையாடல் துணையும் கொடுத்தார்கள். முதல் பிரிவில் 32 சதவீதத்தினரும் இரண்டாவதில் 8 சதவீதத்தினரும் நோய் தணிந்த நிலையை எட்டினார்கள். எந்த உணவு தனக்குக் கிடைக்கிறது என்பதை யாரிடமும் மறைக்க முடியாது ஆகையால், எதிர்பார்ப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. பாக்டீரியாவின் வழியாகத்தான் அது நடந்தது என்றும் அந்த முடிவிலிருந்து சொல்ல முடியாது. கவனிக்க வேண்டியது, அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே மருந்தோ உளவியல் சிகிச்சையோ பெற்றுக்கொண்டிருந்தார்கள். உணவு அதற்கு மேலாகச் சேர்க்கப்பட்டது, அதற்கு மாற்றாக வைக்கப்படவில்லை.

குடலியல் மருத்துவர் எழுதியது:

மல மாற்றுச் சிகிச்சை மீண்டும் மீண்டும் வரும் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் குடல் தொற்றுக்கு மிகச் சிறந்த பலன் தருகிறது. அதற்கு வெளியே அது ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி குன்றிய ஒருவர், கொடையாளியின் மலத்திலிருந்த மருந்தெதிர்ப்பு ஈ.கோலை பாக்டீரியாவால் இறந்ததையடுத்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் எச்சரிக்கை விடுத்தது. வீட்டில் செய்துகொள்வது பற்றி யாராவது பேசினால் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

மலப் பரிசோதனை அறிக்கைகளை வைத்து மனநிலைக்கு மருத்துவம் செய்ய முடியாது. ஒருவர் உடலில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று 2016-இல் மதிப்பிடப்பட்டது. அவற்றின் இயல்பான விகிதம் இது என்று எவரும் இன்றுவரை வரையறுக்கவில்லை. நலமுள்ள இருவரிடம்கூட அது பெரிதும் வேறுபடும். இயல்பு எது என்று தெரியாதபோது குறைவு என்று எழுதுவதற்கு அடிப்படை ஏது? நோயாளிகள் அந்த வண்ண வரைபடங்களைக் கொண்டுவந்து மேசைமேல் விரிக்கும்போது, அவற்றை மடித்து வைத்துவிட்டு அவர்களிடம் உணவு, உறக்கம், மலப்பழக்கம் ஆகியவற்றைக் கேட்பதே என் வழக்கம்.

மனநோயின் வேர் குடலில் இருக்கிறது என்ற எண்ணத்துக்கு ஓர் இருண்ட வரலாறும் உண்டு. நியூ ஜெர்சியின் ட்ரெண்டன் மனநல மருத்துவமனையின் தலைவராக இருந்த ஹென்றி காட்டன், உடலில் மறைந்திருக்கும் தொற்றே பித்துக்குக் காரணம் என்று நம்பி, 1910-களின் இறுதியிலிருந்து நோயாளிகளின் பற்களையும், பின்னர் பெருங்குடலையும் அறுத்தெடுத்தார். குடல் அறுவைக்கு உள்ளானவர்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தினர் இறந்தார்கள் என்பது அவரே வெளியிட்ட கணக்கு. உங்கள் உறவினரை அவரோடு ஒப்பிடுவது என் நோக்கமன்று. ஒரு கருத்தில் சிறிது உண்மை இருப்பதாலேயே அது எவ்வளவு தூரம் தவறாக இழுத்துச் செல்லும் என்பதற்காகச் சொன்னேன்.

தங்கையைப் பற்றி: மனச்சோர்வு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், மின்னதிர்வு போன்ற உணர்வு, உறக்கக் கேடு ஆகியவை வரக்கூடும்; நோயும் திரும்பக்கூடும். புரோபயாட்டிக் மாத்திரை பொதுவாக நலமுள்ளவர்களுக்குத் தீங்கு செய்வதில்லை, எனவே மருந்தோடு சேர்த்து அவர் அதை உட்கொள்ள விரும்பினால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு உட்கொள்ளட்டும். மருந்தின் இடத்தில் அதை வைக்க வேண்டாம். நார்ச்சத்தைக் கூட்டுவதானால் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள், ஒரேயடியாகக் கூட்டினால் உப்புசம் மோசமாகும். மலச்சிக்கல் மருந்து தொடங்கிய பிறகு வந்ததா, அதற்கு முன்பே இருந்ததா என்பதை நாள்களை நினைவுகூர்ந்து குறித்துவையுங்கள். மனச்சோர்வு மருந்துகளில் சில மலச்சிக்கலை உண்டாக்குபவை. தைராய்டு சுரப்புக் குறைவோ மலச்சிக்கலையும் மனச்சோர்வையும் ஒருசேரக் கொண்டுவரும், அதை ஓர் எளிய இரத்தப் பரிசோதனையில் அறிந்துவிடலாம். இதுவரை அது செய்யப்படவில்லை என்றால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது முதலில் அதைக் கேளுங்கள்.